வீடு, சங்கு, திசைகாட்டி: எங்கள் சந்தி யார் பக்கம்?

மாங்குளம் மேற்கு | 21.05.2025, இரவு 9.12

ஊரின் பெயரைப் போடவில்லை. போட்டால் யார் எழுதியது என்று நாளைக் காலை எட்டு மணிக்குள் சந்திக் கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் வரும் சிறு பட்டினங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்தி, இரண்டு வங்கி, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கமநல சேவை நிலையம், பஸ்ஸுக்கு நிற்கும் சனத்தை விடக் கூடுதலான மாடுகள்.

உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து இரண்டு கிழமையாக எல்லா இடத்திலும் ஒரே கதை. நவம்பரில் வன்னி அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு, அதாவது திசைகாட்டிக்குப் போய்விட்டதாம், மே மாதம் திரும்பித் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு வந்துவிட்டதாம். கேட்கக் கேட்கச் சிரிப்பு வருகிறது. ஊர் எங்கேயும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

எங்கள் வீட்டில் ஐந்து வாக்கு. போன செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அம்மா தமிழ்ப் பொதுவேட்பாளரின் சங்குக்குப் போட்டார். நானும் மனைவியும் சஜித். தம்பி அரச உத்தியோகம், அவன் ரணில். மகனுக்கு அதுதான் முதல் வாக்கு, அநுரவுக்குப் போட்டுவிட்டு வந்து வாசலிலேயே சொன்னான். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் மகனோடு தம்பியும் சேர்ந்து திசைகாட்டி, நாங்கள் மூன்று பேரும் வீடு. இந்த மே 6ஆம் திகதி ஐந்து வாக்கும் ஒரே ஆளுக்கு. அவர் என்ன கட்சி என்று கேட்டால் அம்மாவுக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது. அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவின் பேரன். அதைவிட, கார்த்திகைக் கடைசி வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கை மதகு உடைந்தபோது உழவு இயந்திரத்தில் கல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர்தான்.

இதைக் கட்சி தாவல் என்பீர்களா? மூன்று தேர்தலும் மூன்று வேறு கேள்வி கேட்டன, நாங்கள் மூன்று பதில் சொன்னோம். அவ்வளவுதான் என் கருத்து. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.


நோர்வே வாசன் | 21.05.2025, இரவு 11.40

அண்ணை, வாசிக்க நல்லாயிருக்கிறது. ஆனால் மதகுக்கும் ஒழுங்கைக்கும் வாக்குப் போடுகிற மண்ணா அது? 1987 ஒப்பந்தத்தின்படி இணைந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி 2006இல் உயர்நீதிமன்றம் போனவர்கள் ஜே.வி.பி.காரர்கள். அந்தக் கட்சிதான் இன்று திசைகாட்டி. அதற்கு வன்னியில் 39,894 வாக்கு, இரண்டு ஆசனம், முதலிடம்! போரில் இறந்தவர்களுக்கு ஏற்றிய மே 18 விளக்கு இன்னும் அணையவில்லை. அதே கையால்தானே புள்ளடியும் போட்டார்கள்? இங்கே பனிக்குள் நின்று கொடி பிடித்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா?


மாங்குளம் மேற்கு | 22.05.2025, காலை 6.05

தம்பி, கோபம் விளங்குகிறது. ஆனால் இலக்கத்தை முழுதாகப் பாருங்கள்.

வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. போன முறை பதிந்த வாக்காளர் மூன்று இலட்சத்து ஆறாயிரம் அளவில். அதற்குள் வவுனியா தெற்குச் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன, வெலிஓயா இருக்கிறது, மன்னாரிலும் வவுனியாவிலும் முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. 2020இல் ராஜபக்சக்களின் மொட்டுக்கு இங்கே 42,524 வாக்கு விழுந்தது. அது எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? திசைகாட்டியின் 39,894ஐயும் தமிழனின் துரோகக் கணக்கில் எழுதினால் கணக்கு அழும்.

மற்றப் பக்கம் பாருங்கள். 2020இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் 69,916 எடுத்து மூன்று ஆசனம் பெற்றது. 2024இல் வீடு 29,711. அதிலிருந்து பிரிந்து சங்கில் கேட்டவர்கள் 21,102. கூட்டினால் 50,813. குறைந்தது பத்தொன்பதாயிரம். சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'வன்னியே மாறிவிட்டது' என்று தலைப்புப் போடும் அளவும் இல்லை.

கொடி பிடித்தவர்களுக்கு மரியாதை உண்டு. மதகு உடைந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடக்கிறவனுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.


கொத்தணி | 22.05.2025, மாலை 4.30

நான் ஆசிரியர். எட்டுத் தேர்தலில் கடமை செய்திருக்கிறேன், வாக்குச்சாவடியிலும் எண்ணும் நிலையத்திலும். யாருக்குப் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆசனக் கணக்கை இங்கே ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை, அதை முதலில் முடிப்போம். வன்னிக்கு ஆறு ஆசனம். அதில் ஒன்று போனஸ், ஆகக் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு நேரே போகும். மிச்சம் ஐந்தைத்தான் வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள். ஐந்து வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சிகளைக் கழித்துவிட வேண்டும். 2024இல் மிஞ்சியவை ஐந்து: திசைகாட்டி 39,894, சஜித்தின் தொலைபேசி 32,232, வீடு 29,711, சங்கு 21,102, தொழிற்கட்சியின் கங்காரு 17,710. கூட்டி ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 28,130. திசைகாட்டி, தொலைபேசி, வீடு மூன்றுக்கும் ஒவ்வொன்று. மிச்ச வாக்கில் பெரியவை சங்கினதும் கங்காருவினதும், அவைக்கும் ஒவ்வொன்று. போனஸ் திசைகாட்டிக்கு. அதனால்தான் இரண்டு.

இப்போது வீட்டையும் சங்கையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,813 முதலிடம், போனஸ் இவர்களுக்கு. மொத்தம் மூன்று ஆசனம், திசைகாட்டிக்கு ஒன்று. 2020இல் இருந்த அதே மூன்று. அந்த ஆசனம் சனத்தின் கையிலிருந்து போகவில்லை, கட்சிக்காரர் மேசையிலிருந்து போனது.

இன்னொன்று. செப்டெம்பரில் சங்கு அரியநேத்திரனின் சின்னம். அவர் தமிழ்ப் பொதுவேட்பாளர். நவம்பரில் அதே சங்கை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி எடுத்துக்கொண்டது. என் சாவடிக்கு வந்த ஒரு ஆச்சி வாக்குச்சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். சீட்டு ஆளின் உயரத்துக்கு நீளம், அத்தனை கட்சி, அத்தனை சுயேச்சைக் குழு. 'தம்பி, போன முறை சங்குக்குப் போட்டனான், இந்த முறை வீட்டுக்குப் போடச் சொல்லுகினம், ரெண்டும் எங்கட ஆக்கள்தானே, ரெண்டுக்கும் போடலாமோ?' பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பேசாமல் மறைப்பைக் கைகாட்டினேன். அவர் என்ன செய்தார் என்று தெரியாது. ஆனால் இரண்டு புள்ளடி விழுந்த சீட்டு நிராகரிக்கப்படும். எண்ணும் இடத்தில் அப்படியான சீட்டுகளை எடுத்து வைக்கும்போது கை கூசும்.


பரந்தன் சந்தி | 22.05.2025, இரவு 8.15

எங்களை எல்லோரும் வன்னி என்பீர்கள். வாக்கை எண்ணுவது மட்டும் யாழ்ப்பாணத்தில். கிளிநொச்சி மாவட்டம் தேர்தலுக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடுதான். அந்த மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனம், 2015இல் ஏழு, இப்போது ஆறு. சனம் போகப் போக ஆசனமும் போகிறது. தமிழரசுக் கட்சி எம்.பி. சிறீதரன் எங்கள் பக்கத்து ஆள் என்பதால் எங்களுக்கு ஒரு குரல் மிஞ்சியிருக்கிறது. கட்சிப் பட்டியலில் ஆளைத் தெரிகிற விருப்பு வாக்கைக் கிளிநொச்சிச் சனம் சிதறவிடாமல் போடுவதற்குக் காரணம் அதுதான். கொள்கை அது இது என்று எழுதுவார்கள், நம்பாதீர்கள்.

நோர்வேத் தம்பிக்கு: வாக்குப் போடாமல் விட்ட கதையும் எங்களிடம் இருக்கிறது. 2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். கிளிநொச்சித் தொகுதியில் விழுந்தது ஒரேயொரு வாக்கு. யாழ்ப்பாண மாவட்டம் முழுக்க ஒரு வீதத்துக்குச் சற்று மேலே. மகிந்த வென்றது ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சத்தால். போடாத வாக்கும் எண்ணப்படும் என்று அன்றைக்குத்தான் படித்தோம். அந்த ஒரு வாக்கைப் போட்டவர் யார் என்று இன்றைக்கும் கடையில் பகிடி விடுவோம். இது வரைக்கும் பத்துப் பேர் 'நான்தான்' என்று சொல்லியிருக்கிறார்கள்.


ஆனிமாதம் | 22.05.2025, இரவு 10.50

நான் எழுதுவது குறைவு. வாசித்துவிட்டுப் போய்விடுவேன். பரந்தன் அண்ணை 2005ஐச் சொன்னதால் 2010ஐச் சொல்லத் தோன்றியது.

2010 ஜனவரி 26, ஜனாதிபதித் தேர்தல். நாங்கள் செட்டிக்குளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில். போர் முடிந்து எட்டு மாதம். ஒரு பக்கம் மகிந்த, மறு பக்கம் அவரின் இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. கூடாரத்துக்குள் இரவிரவாக இதே பேச்சு. எந்தக் கையை முத்தமிடுவது என்று எங்களிடம் கேட்கிறார்கள் என்று அப்பா சொன்னார். விடியப் பஸ் வரும், இடம்பெயர்ந்தவர்களுக்கென்று வைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போவார்கள் என்றார்கள். அடையாள அட்டை கடலோடு போனவர்களுக்குத் தற்காலிகத் துண்டு கொடுத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றோம். எங்கள் வரிசைக்குப் பஸ் வந்தது பின்னேரம், ஒன்றே ஒன்று. பாதிப் பேர் ஏறவில்லை. அப்பாவும் நானும் ஏறவில்லை.

வன்னியில் அந்த முறை வாக்களித்தது நாற்பது வீதம்தான். போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பொன்சேகாவுக்கு. 'தமிழர் பொன்சேகாவுக்கே போட்டார்களே' என்று பிறகு எத்தனை பேர் கேலி செய்தார்கள். அது பொன்சேகாவுக்கான வாக்கில்லை. அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரேயொரு சொல், 'வேண்டாம்'. அதை எழுத அந்தச் சீட்டில் வேறு இடம் இருக்கவில்லை. 2015இல் மைத்திரிக்கு 78 வீதம், 2019இல் சஜித்துக்கு 82 வீதம். அதே சொல்லைத்தான் திருப்பித் திருப்பி எழுதினோம். ஆள்தான் வேறு.

என் தம்பி 2009இல் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டக் கொட்டகைக்கு அம்மா எட்டு வருடமாகப் போய்வருகிறார். கொட்டகைக்கு வராத கட்சி இல்லை. போன நவம்பரில் அம்மா சாவடிக்குப் போய், கையெழுத்து வைத்து, விரலில் மை பூசி, சீட்டை மடித்து வெறுமனே பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார். நிராகரிக்கப்பட்ட வாக்குகளில் ஒன்று. கொத்தணி சேர், உங்கள் கையில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அது அறியாமல் செய்த பிழை என்று மட்டும் நினைக்க வேண்டாம்.


கொத்தணி | 23.05.2025, காலை 5.55

தங்கச்சி, இனி நினைக்க மாட்டேன்.


நோர்வே வாசன் | 23.05.2025, காலை 11.20

அக்கா, மன்னிக்க வேண்டும். கொடியைப் பற்றி எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும். ஆனால் ஒரு சந்தேகம். 'வேண்டாம்' என்பதுதான் சொல் என்றால் 2024இல் அதை அரியநேத்திரனுக்குத்தானே போட்டிருக்க வேண்டும்? வன்னியில் அவருக்கு 36,377தான். சஜித்துக்கு 95,422. ரணிலுக்குக் கூட 52,573. ஏன்?


மாங்குளம் மேற்கு | 23.05.2025, மதியம் 1.10

நல்ல கேள்வி. 2024இல் 'வேண்டாம்' என்று சொல்ல எதிரே ராஜபக்ச குடும்பத்து ஆள் வெல்லும் நிலையில் இல்லை. அப்போ சனம் ஆளாளுக்குப் பிரிந்தது. சஜித்துக்குப் போட்டவர்களில் பலர் 2019இல் போட்ட பழக்கத்தில் போட்டார்கள், தமிழரசுக் கட்சியும் செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி அவருக்குத்தான் என்று முடிவெடுத்தது. அதே கட்சிக்குள் சிறீதரன் சங்குக்கு நின்றார். மேலே இருக்கிறவர்களே இரண்டாக நிற்கும்போது கீழே இருக்கிறவன் எட்டாகத்தான் நிற்பான்.

ரணிலுக்கு ஏன் என்று என் தம்பியைக் கேட்டேன். அவன் சொன்னது: '2022இல் எரிவாயு வரிசையில் ரெண்டு நாள் படுத்தனான், இப்ப படுக்கிறேல்லை.' வேறு விளக்கம் இல்லை. இரசாயனப் பசளையைத் தடை செய்த 2021ஐ எங்கள் ஊர்க் கமக்காரர் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கால போகத்தில் என் வயலில் கதிர் முழங்காலுக்கு மேலே வரவே இல்லை, ஏக்கருக்குப் பாதி மூட்டை கூடத் தேறவில்லை. அரசியல் கட்டுரை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். இங்கே அது முழு வருடத்துச் சாப்பாடு.


முசலிக்காரன் | 23.05.2025, இரவு 9.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இவ்வளவு நேரமாக வன்னி என்றால் தமிழரசுக் கட்சியும் அதன் கோபக்காரரும் என்றே போகிறது. எங்களையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள்.

1990 ஒக்டோபரில் நான் ஐந்து வயது. இரண்டு உடுப்புப் பையோடு புத்தளம். வளர்ந்தது, படித்தது, கலியாணம் எல்லாம் அங்கே. வாக்கு மட்டும் மன்னாரில். ஒவ்வொரு தேர்தலுக்கும் விடியச் சாமம் பஸ் பிடித்து ஊருக்கு வருவோம். 2019 ஜனாதிபதித் தேர்தல் அன்று வரும் வழியில் தந்திரிமலைப் பக்கம் எங்கள் ஆட்கள் வந்த பஸ்களுக்குக் கல்லெறிந்தார்கள், சூடும் வைத்தார்கள். நான் பின்னால் வந்த பஸ்ஸில். கண்ணாடி உடைந்த பஸ் ஓரமாக நிற்பதைத் தாண்டித்தான் போனோம். ஒருவரும் இறங்கித் திரும்பிப் போகவில்லை, போட்டுவிட்டுத்தான் போனோம்.

எங்கள் எம்.பி. றிசாட் பதியுதீனுக்கு ஏன் போடுகிறீர்கள் என்று தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். 2010இல் அவர் மகிந்தவின் வெற்றிலை, 2015இல் ரணிலின் யானை, 2020இலும் 2024இலும் தொலைபேசி. கொள்கை எங்கே என்று கேட்பார்கள். சின்னம் மாறினால் எங்களுக்கு என்ன? ஊருக்குத் திரும்பி வந்தால் காணிக்குப் பத்திரம் வேண்டும், வீட்டுக்கு அத்திவாரம் வேண்டும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். கதவைத் தட்டினால் திறக்கிற ஆள் ஒருவர். அவரை விட்டால் நாங்கள் யாரிடம் போவது? காட்டை வெட்டினார்கள் என்று ஒரு பக்கம் கத்துகிறார்கள். வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த ஊர் காடாகாமல் வேறு என்னவாகும்? மற்ற எம்.பி. காதர் மஸ்தானும் அப்படித்தான், வெற்றிலை, மொட்டு, கங்காரு. அவருக்குத் தமிழ் ஆட்களும் போடுகிறார்கள், அதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.


பரந்தன் சந்தி | 23.05.2025, இரவு 10.05

சொல்கிறோம் நானா. கலியாண வீட்டுக்கு வருகிறார், செத்த வீட்டுக்கு வருகிறார், கோயில் மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுக்கிறார். என் மச்சான் வவுனியாவில், பரம்பரையாக வீட்டுக்காரன். போன முறை கங்காரு. கேட்டால் 'விருப்பு வாக்கு ரகசியமானது' என்கிறான். சட்டம் படித்தவன் மாதிரி!


கொழுந்து | 24.05.2025, மாலை 5.45

அப்போ எங்கள் கதவை யார் திறப்பது?

நாங்கள் மலையகத்திலிருந்து வந்த குடும்பம். 1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா பதுளைப் பக்கத்திலிருந்து வந்தார். காந்தியம் அமைப்பு அப்போது வவுனியாவிலும் சுற்றிலும் குடியேற்றங்கள் அமைத்தது. காட்டை வெட்டி, கிணறு தோண்டி, பாம்பு கடித்து, மலேரியா வந்து, இருந்த நகையை விற்று நிலத்தைப் பயிர் நிலமாக்கினார்கள். எல்லைக் கிராமம் என்று மேடையில் புகழ்வார்கள். குண்டும் முதலில் எங்கள் பக்கத்தில்தான் விழுந்தது.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை முழுதாகத் திருப்பித் தர 2003 வரை எடுத்தது. எங்கள் அம்மாயி முதல் முறை வாக்குப் போட்டபோது எழுபது தாண்டிவிட்டது. புதுச் சேலை கட்டிக்கொண்டு போனார். கோயிலுக்குப் போகிற மாதிரிச் செருப்பைச் சாவடி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். அலுவலர் 'அம்மா, செருப்போட வரலாம்' என்றாராம். வீட்டுக்குத்தான் போட்டார், சந்தேகமே இல்லை.

இப்போது என் கேள்வி. வன்னியில் ஒரு கட்சி ஒன்பது வேட்பாளர் நிறுத்தலாம். ஒன்பதில் எங்கள் சனத்திலிருந்து எத்தனை பேரை எத்தனை முறை நிறுத்தினார்கள்? கூட்டத்துக்குக் கதிரை அடுக்க நாங்கள், பந்தல் போட நாங்கள், மேடையில் 'தோட்டக்காட்டான்' என்று வாய் தவறி வரும் பெரியவர்கள் அவர்கள். என் மகள் திசைகாட்டிக்குப் போட்டாள். ஜே.வி.பி.யின் பழைய கதையெல்லாம் சொன்னேன், அவர்கள் ஒரு காலத்தில் எங்களையே இந்திய விஸ்தரிப்புவாதம் என்று வகுப்பு எடுத்தவர்கள் என்றும் சொன்னேன். 'இருக்கட்டும் அம்மா, இவங்க வீட்டுக்கு வந்து பாயில உக்காந்தாங்க' என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோர்வேத் தம்பியிடம் இருந்தால் எழுதட்டும்.


நோர்வே வாசன் | 24.05.2025, இரவு 7.30

இல்லை அக்கா.


பனங்காமத்தார் | 25.05.2025, காலை 8.40

பிள்ளைகள் சண்டை பிடிப்பதை மூன்று நாளாக வாசிக்கிறேன். எனக்கு எண்பத்தொரு வயது, பேரன் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவனது.

வன்னி என்றால் பிறந்ததிலிருந்து வீட்டுச் சின்னம் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். 1947 முதல் தேர்தலில் வவுனியா அனுப்பியது செ. சுந்தரலிங்கத்தை, சுயேச்சை. போனவர் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர் ஆனார். கணிதப் பேராசிரியர், யாருக்கும் அடங்காத வாய். 1960 மார்ச்சில் அவரைத் தோற்கடித்தவர் தா. சிவசிதம்பரம், அவரும் சுயேச்சை. 1970இல் கிளிநொச்சியில் ஆனந்தசங்கரி வென்றது சைக்கிளில், தமிழ்க் காங்கிரஸ். தமிழரசுக் கட்சி வடக்கையும் கிழக்கையும் பிடித்து வைத்திருந்த காலத்திலேயே இந்தப் பக்கம் தன் பாட்டில்தான் நடந்தது. முழு வன்னியும் ஒரே பக்கம் சாய்ந்து நான் கண்டது 1977இல். தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும். முல்லைத்தீவு தனித் தொகுதியானதும் அந்த முறைதான். நான் சைக்கிளில் ஒட்டுசுட்டான் வரை சுவரொட்டி ஒட்டியிருக்கிறேன், பசை வீட்டில் கிண்டிய கோதுமை மாப் பசை.

அதற்குப் பிறகு வந்ததை எண்ண வேண்டாம். 1994இல் வன்னியில் ஆயுத இயக்கமாக இருந்த புளொட் மூன்று ஆசனம் எடுத்தது, வாக்களித்தவர் கொஞ்சப் பேர். அதைச் சனத்தின் தீர்ப்பு என்பேனா? 2004இல் வீடு அள்ளியது, அது புலிகளின் காலம், அந்த முறை வேறு எதுவும் நடக்கச் சாத்தியமில்லை, அது உங்களுக்கும் தெரியும். சுதந்திரமாக, பயமில்லாமல், பல பேர் கேட்கப் போட்ட தேர்தல் என்று பார்த்தால் 2013 மாகாண சபைக்குப் பிறகுதான் எண்ண வேண்டும். அந்த முறை 38இல் 30 கூட்டமைப்புக்கு, முல்லைத்தீவில் ஐந்தில் நாலு. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இன்று வரை தேர்தல் இல்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தை வைத்துக்கொண்டு பரம்பரை, துரோகம் என்கிறீர்கள்.

அப்புறம், தம்பி மாங்குளம் மேற்கு. மூன்று கேள்வி, மூன்று பதில் என்று எழுதினீர், அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் மகன் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தானே சொன்னான், செப்டெம்பரிலும் நவம்பரிலும்? அவனை மறைத்துவிட்டீர்.


மாங்குளம் மேற்கு | 25.05.2025, மதியம் 12.20

ஐயா பிடித்துவிட்டார்.

ஆமாம், மகன் என் கணக்குக்குள் வரவில்லை. இரவு அவனிடமே கேட்டேன். அவனுக்கு இருபத்தொன்று. போர் முடியும்போது ஐந்து வயது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'நீங்கள் எல்லாரும் யாரை வேண்டாம் எண்டுதான் போட்டியள். நான் ஒருக்கா வேணும் எண்டு போட்டுப் பாத்தன்.' வன்னியில் செப்டெம்பரில் அநுரவுக்கு 21,412, எட்டுக் கிழமையில் 39,894. அந்த வித்தியாசத்துக்குள் இவனைப் போல எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மேலே எழுதிய 'மொட்டு வாக்குத்தான் இடம் மாறியது' என்ற கணக்கு முழுக்கச் சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன். தெரிவான இருவரும் தமிழர்கள் என்பதையும் நான் வசதியாக விட்டுவிட்டேன்.

சரி, மே மாதம் ஏன் மாற்றிப் போட்டாய் என்றேன். 'இராணுவம் வைச்சிருக்கிற காணி அப்பிடியே கிடக்கு, வனத் திணைக்களம் போட்ட எல்லைக்கல்லு அப்பிடியே கிடக்கு. ஆறு மாசம் பாத்தன்' என்றான். மதகைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. மதகு என் காரணம், அவன் காரணம் இல்லை. ஒரே வீட்டில் ஒரே ஆளுக்கு விழுந்த ஐந்து வாக்குக்கே ஐந்து காரணம் போல.


கொத்தணி | 25.05.2025, மாலை 6.40

உள்ளூராட்சித் தேர்தலில் அது இன்னும் கூடும். வட்டார முறை வந்தது 2018இல். அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் விகிதாசாரம். ஒரு சீட்டு, ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு இல்லை. உங்கள் வட்டாரத்து ஆளைப் பிடித்துப் போட்டால் அது கட்சியின் மொத்தக் கணக்கிலும் ஏறும். அதனால்தான் கட்சிகள் வேட்பாளர் தேடும்போது கொள்கையைக் கேட்பதில்லை, சொந்தக்காரர் எத்தனை வீடு என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரே அம்மன் கோயில் நிர்வாகத்திலிருந்து மூன்று பேர் மூன்று கட்சியில் கேட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர். திருவிழாக் கணக்கு இன்னும் முடியவில்லை, அது வேறு கதை.

பெண்களுக்கு இருபத்தைந்து வீதம் கட்டாயம். கையெழுத்து வைக்க மாதர் சங்கத்து அக்காமாரைத் தேடி ஓடிவந்த கட்சிக்காரர்களைப் பார்க்க வேண்டுமே. வென்று வந்த பிறகு அந்த அக்காமார் வாய் திறந்தால்தான் தெரியும்.


ஆனிமாதம் | 25.05.2025, இரவு 9.15

நானும் கையெழுத்து வைத்தேன் சேர். பட்டியலில் என் பெயர் இருந்தது. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். பிரசாரத்துக்கு ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டு அம்மா தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: 'பிள்ளை, மூண்டு கட்சியும் வந்திட்டுது, மூண்டுக்கும் ஓம் எண்டுதான் சொன்னனான், உனக்கும் ஓம்.' அவர் பொய் சொல்லவில்லை, அவர் வீட்டில் நாலு வாக்கு.


முசலிக்காரன் | 26.05.2025, காலை 7.00

இந்த இழையில் இதுதான் சரியான கருத்துக்கணிப்பு.


பரந்தன் சந்தி | 26.05.2025, காலை 9.25

மாங்குளம் மேற்கு அண்ணை, கடைசியாக ஒன்று. அந்த மதகு என்னாச்சு?


மாங்குளம் மேற்கு | 26.05.2025, இரவு 8.50

அப்படியேதான் கிடக்கிறது. சபைகளின் காலம் ஜூன் 2ஆம் திகதிதான் தொடங்குகிறது. எங்கள் சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தவிசாளர் யார் என்று இரண்டு கட்சி வவுனியாவில் ஒரு விடுதியில் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்த இரண்டும் தேர்தலுக்கு முதல் நாள் வரை ஒன்றை ஒன்று துரோகி என்றவை.

எங்கள் ஆள் நேற்று வந்து அளந்துவிட்டுப் போனார். பதினெட்டு அடி நீளம், இரண்டு குழாய் போதுமாம். கார்த்திகையில் அவர் பறித்த கல் இன்னும் ஒழுங்கை ஓரத்தில் குவியலாகக் கிடக்கிறது, மேலே ஆடு ஏறி நிற்கிறது. அம்மா வேலிக்கு உள்ளே நின்று அவரைக் கேட்டார்: 'மோனை, நீ எந்தக் கட்சி?' அவர் சொன்னார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, 'நல்லது' என்றார்.